வெர்னா கிராய்டரின் அணில் துப்பாக்கி

சட்டையின் கழுத்தையும் மார்பையும் உலகம் பார்க்கும். காற்சட்டைக்குள் செருகப்பட்டு மறைந்துபோகும் அதன் வாலை எவரும் பாரார். எவரும் பாராத அந்த வாலை மடித்து ஓரம் தைப்பதே இருபத்தேழு ஆண்டுகளாக வெர்னா கிராய்டரின் தொழில். வடபென்சில்வேனிய மலையடிவாரத்துச் சட்டை ஆலையில், சன்னலோரத்து மூன்றாம் இயந்திரம் அவளுடையது. அவள் தைத்த விளிம்பு எங்கே கிடந்தாலும் அவள் விரல் அதை அறிந்துகொள்ளும். முனையில் தையல் திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி கூடுதலாகக் குத்துவது அவள் பழக்கம். மேற்பார்வையாளர் பலமுறை கடிந்தும் அவள் அதை விடவில்லை.

சென்ற ஆண்டு மான்வேட்டைப் பருவத்தின் முதல் நாள் மாலையில், அவள் கணவன் லெராய் வாலற்ற சட்டையோடு வீடு திரும்பினான்.

அதன் பொருள் அம்மலையில் யாவரும் அறிந்தது. குறி தவறியவனின் சட்டைவாலை வேட்டை முகாமில் கத்தரிப்பார்கள். பெயரையும் ஆண்டையும் எழுதிச் சுவரில் அறைவார்கள். வெறுமனே தவறியவனுக்கு அது வேடிக்கை. மானைக் காயப்படுத்தித் தொலைத்தவனுக்கோ அது சாகும்வரை தீராத இழிவு. லெராய் வழக்கமாக உட்கார்ந்து சுடும் பாறைக்குக் கீழே ஓடையோரத்தில், வயிற்றில் குண்டு பாய்ந்த ஒரு கிளைக்கொம்பன் மான் இரத்தம் சொட்ட ஓடி மறைந்திருந்தது. பாறைமேல் அப்போது இருந்தவர் இருவர்: லெராய், அவனுடைய அண்ணனும் முகாம் தலைவனுமான ஹார்லன். கேட்டதோ ஒரே ஒரு வெடி. சுட்டவன் லெராய் என்றான் ஹார்லன். லெராய் மறுத்துப் பேசவில்லை.

வீட்டில் மட்டும், காலணியைக் கழற்றும்போது சொன்னான்: "நான் துப்பாக்கிய தூக்கவே இல்ல, வெர்னா."

பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மார்ச் மாதம் மரவாடியில் பலகை அடுக்கிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இறந்தான். சட்டைவால் சுவரிலேயே இருந்தது.

ஹார்னெட் ஓடை முகாமின் சட்டம் எளியது. இறந்தவனின் படுக்கையும் அவன் நிற்கும் இடமும் அவன் வீட்டாருக்கே முதலில் உரியவை. வருபவர் மான் சுடத்தக்க துப்பாக்கி கொண்டுவர வேண்டும். பருவத்துக்கு முந்திய ஞாயிறன்று, நூறு கஜத்தில் தொங்கும் தகரத் தட்டில் மூன்று குண்டு பாய்ச்ச வேண்டும். பிறகு மற்றவர்கள் இசைய வேண்டும். நாற்பது ஆண்டுகளில் ஒரு பெண் அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டியதில்லை. வெர்னா ஆகஸ்டு மாதத்தில், தேவாலய வாசலில், ஹார்லனை மறித்துச் சுட்டிக்காட்டினாள்.

"லெராயோட படுக்கை எனக்கு வேணும். அவன் பாறையும்."

"அத என் மருமகனுக்குன்னு வெச்சிருக்கேன்," என்றான் ஹார்லன். "உனக்கு எதுக்கு? ஜன்னலுக்குத் திரை தைக்கவா?"

"உன் மருமகன் லெராய் வீட்டாளா?"

"துப்பாக்கி தூக்கத் தெரியுமா உனக்கு? மொதல்ல அதப் பாரு. ஆறு பேருக்கு முன்னால அழுதுட்டுப் போகப்போற."

துப்பாக்கி தூக்க அவளுக்குத் தெரியாதுதான். லெராயின் துப்பாக்கி அலமாரியில் நின்றது. அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வாங்கிய ஜோடியில் ஒன்று அது: ஒரே அளவு, ஒரே தோட்டா, ஒன்பது பவுண்டு எடை. வெர்னா அதைத் தோளில் பொருத்தினால் தோள்கட்டையின் நீளத்தால் கண் பார்வைக்குழாயை எட்டாது. எட்டிப்பிடித்துச் சுட்டால் கழுத்தெலும்பு நாவற்பழ நிறங்கொள்ளும். ஒரு மாதம் கல்லுடைக்கும் குழியில் பழகினாள். தட்டில் ஒரு குண்டும் விழவில்லை. ஆலையில் வலக்கையைத் தூக்க முடியாமல் இடக்கையால் துணி தள்ளினாள்.

செப்டம்பரில் அதை எடுத்துக்கொண்டு ஆரின் ஷூப்பின் கடைக்குப் போனாள். ஆரின் துப்பாக்கி விற்பவன், பழுது பார்ப்பவன். யாரிடமும் இன்முகம் காட்டியறியாதவன்.

"யாருக்கு?"

"எனக்கு."

"எங்க நின்னு சுடப்போற?"

"பாறை மேல. சுத்தி ஊசியிலை மரம். அறுபது கஜம், மிஞ்சினா எண்பது. அதுக்கு மேல கண்ணு போகாது."

"பாறைக்கு எப்படிப் போவ?"

"ஒரு மைல் ஏத்தம்."

"இந்த ஒம்பது பவுண்ட யாரு தூக்குவா, பாதிரியாரா?" அவன் அதில் ஒரு தோட்டாவை இட்டு நீட்டினான். கடைக்குப் பின்னால் மண்மேடு. "அந்த மேட்டுல சுடு."

வெர்னா குறிபார்த்து விசையை இழுத்தாள். 'டிக்' என்ற ஒலியன்றி வேறில்லை. வெடியில்லை, உதையில்லை. ஆயினும் குழலின் முனை ஒரு சாண் கீழே குத்தி நின்றது. அவள் கண்கள் இறுக மூடியிருந்தன.

"தோட்டாவுல மருந்தே இல்ல," என்றான் ஆரின். "வெத்துத் தோட்டா. உதை வரும்னு உன் ஒடம்புக்குத் தெரியும். அதுக்கு முன்னாலயே தோள் தள்ளுது, கண்ணு மூடுது, குழல் தலை குனியுது. வெடி வெடிச்சா அது யாருக்கும் தெரியாது, சுடுறவனுக்குக்கூட. வெத்துத் தோட்டா காட்டிக் கொடுத்துடும்."

"அப்படிச் சுட்டா குண்டு எங்க படும்?"

"தாழ்ந்து போயி வயித்துல. மான் உடனே சாகாது. ரெண்டு நாள் நடந்து சாகும்."

அதே தோட்டா போடும் இன்னொரு துப்பாக்கி ஹார்லனிடம் இருப்பது வெர்னாவின் நினைவுக்கு வந்தது.

அன்றே அவள் துப்பாக்கியை மாற்றிக்கொண்டாள். லெராயின் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பழைய துப்பாக்கி ஒன்றைப் பெற்றாள்: கைநெம்பு தள்ளித் தோட்டா ஏற்றுவது, ஏழு பவுண்டுக்கும் குறைவு, குழல்வாய் கால் அங்குலம். ஆரின் அதன் கட்டையில் ஒன்றரை விரல் அறுத்தெடுத்தான். தோளில் வைத்ததும் அது அவள் எலும்போடு எலும்பாகப் பொருந்திற்று.

"கேட்டுக்கோ," என்றான். "இது சின்னத் தோட்டா. நேரா பக்கவாட்டுல நிக்கிற மானோட முன்னங்காலுக்குப் பின்னால, நுரையீரல்ல பட்டா எந்தத் தோட்டாவும் போதும். கோணலா நின்னா சுடாத. ஓடினா சுடாத. தூரமா இருந்தா சுடாத. பெருசு வாங்குறவன் எல்லாம் சுடக்கூடாதப்ப சுடுறதுக்குத்தான் வாங்குறான்." அதேபோன்ற வெற்றுத் தோட்டாக்கள் ஐந்தை அவள் பக்கம் தள்ளினான். "இதயும் எடுத்துட்டுப் போ. உன் துப்பாக்கிக்குச் சேராது. இருந்தாலும் பைல கெடந்தா ஞாபகம் இருக்கும்."

நவம்பர் இறுதி ஞாயிறு. ஓடையின் விளிம்புகளில் பனிக்கட்டி படர்ந்திருந்தது. வெர்னா லெராயின் அந்த வாலற்ற சட்டையை அணிந்து, அதன்மேல் வேட்டைக்காரர்கள் போடும் செம்மஞ்சள் மேலாடை போட்டு, முகாமின் முற்றத்தில் வண்டியை நிறுத்தினாள். ஆறு பேரும் வெளியே வந்தார்கள். எவரும் அவள் பையைத் தூக்க முன்வரவில்லை.

ஹார்லன் துப்பாக்கியைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. "லெராயோடது எங்க?"

"மாத்திட்டேன்."

"என் தம்பி துப்பாக்கிய வித்துட்டு அணில் சுடுறத வாங்கிட்டு வந்திருக்கியா? டேய், பாருங்கடா! குளிர்காலக் கொட்டை பொறுக்கப் போறா!"

சிரிப்பு எழுந்தது. சமையல் பார்க்கும் டூயி மட்டும் வேறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன் தம்பி துப்பாக்கி இல்ல. என் புருஷன் துப்பாக்கி," என்றாள் வெர்னா. "தகரத் தட்ட மாட்டு."

சோதனை மேசையில் சுடுபவர் கையில் தோட்டா இருக்கலாகாது. மற்றொருவர் ஒவ்வொன்றாக இட்டு நீட்டுவார். அது முகாம் வழக்கம். அவளுக்கு டூயி இட்டுக் கொடுத்தான். முதல் குண்டு தட்டின் நடுவில். இரண்டாவது அதற்கு இரண்டு விரல் தள்ளி. மூன்றாவதற்கு அவள் அதிக நேரம் எடுத்தாள். காற்று நிற்கும்வரை காத்திருந்தாள். தட்டு மூன்றாம் முறையும் கணீரென்றது. எவனோ ஒருவன் தன்னையறியாமல் சீழ்க்கையடித்தான்.

"தட்டு ஓடாது," என்றான் ஹார்லன். "தட்டுக்கு ரத்தம் வராது. இந்தக் கடுகுத் தோட்டாவால மானக் காயப்படுத்தி அனுப்புவ. லெராய் வீட்டுல அது புதுசா என்ன?"

வெர்னாவின் கை சட்டைப்பைக்குள் போயிற்று. யோசியாமல் போயிற்று என்று சொன்னால் அது பொய்.

"அப்ப மான் துப்பாக்கின்னா என்னன்னு நீ காட்டு," என்றாள். "எனக்கு டூயி போட்டான். உனக்கு நான் போடுறேன்."

மற்ற ஐந்து பேர் பார்க்க மறுக்க முடியாமல் ஹார்லன் உட்கார்ந்தான். முதலில் அவனுடைய தோட்டாவையே இட்டாள். மலை அதிர்ந்தது, தட்டின் அடிவிளிம்பு ஒரு பக்கம் பிய்ந்தது. "குளிர்ல குழல் கீழ எறங்குது," என்றான். அவள் இரண்டாவதை இட்டாள்.

'டிக்.'

குழல் ஒரு சாண் கீழே குத்திற்று. அவனுடைய இரு கண்களும், பிரார்த்தனையில் மூடுவதுபோல் இறுக மூடியிருந்தன. தோள் முன்னுக்குப் பாய்ந்திருந்தது. வெடிக்காத அந்த அமைதியில் எல்லாரும் பார்த்தார்கள். அவன் கண் திறந்தபோது அவர்கள் இன்னமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன வருஷம் பாறைல கேட்டது ஒரு வெடி," என்றாள் வெர்னா. "அது வயித்துல பட்டுச்சு. லெராய் துப்பாக்கியத் தூக்கவே இல்ல. நீ தூக்கின. கண்ண மூடிட்டுச் சுட்ட. தம்பி சட்டைய அறுத்த."

ஹார்லன் எழுந்து, அந்த வெற்றுத் தோட்டாவை எடுத்து அவள் காலடியில் எறிந்தான். "ஓட்டுப் போடுங்க," என்றான்.

சமையலறையில் காப்பித்தூள் தகர டப்பாவுக்குள் பீன்ஸ் விதை போட்டு ஓட்டெடுப்பார்கள். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் இல்லை. டூயி தகரத்தை மேசையில் கவிழ்த்தான். சிவப்பு ஐந்து, வெள்ளை ஒன்று.

"ஏன்?" என்றாள் வெர்னா.

டூயிதான் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னான்: "மூணாவது குண்டு விழுந்தப்பவே நீ உள்ள வந்துட்ட, வெர்னா. அஞ்சு பேரும் வெள்ளதான் போட்டிருப்போம். ஹார்லன் குதிச்சாலும் நடந்திருக்காது. அதோட நிறுத்தியிருக்கணும். நாப்பது வருஷமா ஒரு கூரைக்குக் கீழ தூங்குற மனுஷன எங்க முன்னால அம்மணமாக்கிட்ட. இனி உன் பக்கத்துல எவன் நிம்மதியா விசைய இழுப்பான்?"

"நான் சொன்னது பொய்யா?"

"பொய்னு யாரு சொன்னா?"

அந்த ஒற்றை வெள்ளை யாருடையது என்று அவள் கேட்கவில்லை. சுவருக்கு நடந்தாள். காலத்தால் பழுத்த துணித்துண்டுகளுக்கிடையே லெராயின் பெயர் எழுதிய நீலக் கட்டம் போட்ட துண்டு இருந்தது. விளிம்பைத் தடவினாள். திருப்பத்தில் கூடுதலாக ஒரு புள்ளி. ஆணியிலிருந்து பிடுங்கினாள்.

"அத அங்க வை," என்றான் ஹார்லன். "அது முகாம் சொத்து."

"இது என் தையல்," என்று சொல்லி வெளியேறினாள்.

படுக்கையை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. பாறையை மறுக்க இல்லை; காடு அரசுக்கு உரியது. வீட்டில் உறங்கி, திங்களன்று விடியுமுன் எழுந்து, முதுகில் வேட்டை உரிமச் சீட்டு குத்தி, வெர்னா அந்த ஒரு மைல் ஏற்றத்தை இருமுறை மட்டுமே நின்று ஏறினாள். ஏழு பவுண்டு பாரமாக இல்லை. லெராய் அமர்ந்து அமர்ந்து வழவழப்பாக்கிய பாறை மடிப்பில் உட்கார்ந்தாள்.

சாம்பல் வெளிச்சம் பரவியபோது கீழே காலடி கேட்டது. ஹார்லன். அவளைக் கண்டதும் நின்றான்.

"எறங்கு."

"முன்னால வந்தவங்க இடம். காடு அரசாங்கத்தோடது."

அவன் போகவில்லை. இருபதடி தள்ளிப் பாறையின் மறுமுனையில், பெரிய துப்பாக்கியை மடிமேல் கிடத்தி உட்கார்ந்தான். போனால் விட்டுக்கொடுத்ததாகிவிடும். இருவரும் ஒருவரையொருவர் பாராமல், ஒரே ஓடையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணிநேரம் பகைத்திருந்தனர்.

கொம்பன் அவன் பக்கமாகத்தான் வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு, மூச்சு புகைந்தது. ஹார்லன் துப்பாக்கியைத் தூக்கினான். குழலின் முனை நடுங்குவதை வெர்னா கண்டாள். அவள் பார்ப்பதை அவனும் உணர்ந்தான். நேற்றுவரை அறியாத ஒன்றை இப்போது அவன் தோள் அறிந்திருந்தது. குழல் மெல்லத் தாழ்ந்து மடிக்குத் திரும்பிற்று.

மான் அவளை நோக்கி மார்பு காட்டி நின்றது. கோணல். அவள் சுடவில்லை. அது கீழே குனிந்து பாசியை முகர்ந்தது. அவள் சுடவில்லை.

"சுடு, சனியனே," என்று அவன் பல்லிடுக்கில் முணுமுணுத்தான். அவள் சுடவில்லை. மான் ஓடையைத் தாண்ட ஓர் அடி வைத்தது. உடல் முழுதும் பக்கவாட்டில் விரிந்தது. முன்னங்காலின் பின்னே மயிர் சுழிக்கும் அந்த இடம் தெரிந்தது. கண்ணைத் திறந்தபடியே விசையை இழுத்தாள்.

மான் நாற்பது அடி ஓடிற்று. பிறகு கால்கள் மடங்கின.

வெர்னா இறங்கினாள். சற்று நேரம் தலைகுனிந்து நின்றாள்; உதடுகள் அசைந்தன. பிறகு கத்தியை எடுத்தாள். ஹார்லன் அவள் பின்னால் வந்து நின்று குண்டு பட்ட துளையை நெடுநேரம் ஆராய்ந்தான்.

"கொஞ்சம் பின்னாலதான் பட்டிருக்கு," என்றான்.

அவள் மானின் வயிற்றைக் கிழித்து, மார்புக்கூட்டைத் திறந்து, இரண்டு நுரையீரலிலும் நேரே பாய்ந்த வழியை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் பார்த்தான்.

சுட்ட மானின் காதில் உரிமச் சீட்டைக் கட்ட வேண்டும். கயிறு பையில் இருந்தது. ஆனால் வெர்னா மேலாடைக்குள்ளிருந்து நீலக் கட்டத் துணியை எடுத்து, எழுத்தில்லாத பக்கத்திலிருந்து ஒரு நாடா கிழித்து, அதனால் சீட்டை மானின் காதில் இறுக்கி முடிந்தாள். 'லெராய்' என்று எழுதிய மீதியை மடித்து நெஞ்சருகே வைத்தாள்.

கொம்பைப் பிடித்து இழுத்தாள். நூற்றைம்பது பவுண்டு, இலைச்சருகில் ஒரு முழம் நகர்ந்தது. சுட்டவர் எவராயினும் உடனிருப்பவர் மறுகொம்பைப் பிடிப்பது அந்த மலையின் வழக்கம். ஹார்லன் கைகளைப் பைக்குள் விட்டபடி நின்றான்.

"புடிக்கச் சொல்லிக் கேளு," என்றான்.

"கேக்க மாட்டேன்."

அவள் மறுபடியும் இழுத்தாள். இன்னொரு முழம். முகாமின் முற்றத்தைக் கடந்தே வண்டிக்குப் போயாக வேண்டும். மற்ற ஐவரும் சாப்பாட்டுக்கு அங்கே வந்திருப்பார்கள். போய்ச் சேர நண்பகல் ஆகும். ஆகட்டும் என்று காலை ஊன்றி, கொம்பைப் புதிதாகப் பற்றினாள்.