அட்டை வாளியும் பத்து நிமிடமும்

யாரிடமாவது எதையாவது காட்ட வேண்டி வந்தால், அதில் உள்ள குறையைச் சின்னவள் முதலில் தானே சொல்லிவிடுவாள். ஒன்றாம் வகுப்பில் தான் வரைந்த யானையை ஆசிரியையிடம் நீட்டும்போதே, "டீச்சர், கால் சரியா வரல" என்றாள். பன்னிரண்டு வயதில் அம்மாவுக்கு முதன்முதலாகக் காப்பி போட்டுக் கொண்டுவந்தபோது, டம்ளர் கைமாறும் முன்பே "கொஞ்சம் கசக்கும்" என்றாள். கல்லூரி நேர்முகத்தில் சான்றிதழை உறையிலிருந்து எடுக்காமலே, "கணக்குல மார்க் கம்மிதான் சார்" என்றாள். வீட்டில் இது பெரிய வேடிக்கை. "இவ கல்யாணப் பத்திரிகையிலகூட, மணமகளுக்கு மறதி கொஞ்சம் ஜாஸ்தின்னு அச்சடிச்சுதான் குடுப்பா" என்பாள் அக்கா.

அடுத்தவர் சொல்லும் முன் நாமே சொல்லிவிட்டால் பாதி அடிதான் விழும் என்பது சின்னவளின் கணக்கு. அந்தக் கணக்கு பல வருடம் பிசகாமல் நடந்தது. அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்ததோ, வாயைத் திறக்கவே கூடாத ஒரு படிப்பில்.

பொருட்களை வடிவமைக்கும் படிப்பு அது. ஒரு பொருளை உண்மையாகச் செய்யும் முன் அட்டை, நுரைப்பலகை, பசை, கம்பி என்று கையில் கிடைத்ததை வைத்து அதன் மாதிரி ஒன்றைச் செய்ய வேண்டும். மாக்கப் என்பார்கள். பருவத்தின் நடுவில் அதற்கு முதல் ரிவ்யூ நடக்கும். அங்கே மாணவர் எழுந்து நின்று விளக்குவதெல்லாம் கிடையாது. அந்தப் பொருளை உபயோகிக்கக்கூடிய ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வர வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது, நண்பராக இருக்கக் கூடாது, அந்த மாதிரியை முன்பு பார்த்திருக்கவே கூடாது. பத்து நிமிடம் அவர் கையில் பொருள். செய்தவர் சுவரோரம் வாயை மூடி நிற்க வேண்டும். ஒரு சொல் உதிர்ந்தால் மணி அடித்துவிடும், ரிவ்யூ முடிந்தது.

போன வருடம் சின்னவள் ஒரு மாத்திரைப் பெட்டி செய்திருந்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதைச் சோதிக்க வந்தார். பெட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். மூடியைக் கீலின் பக்கமாகத் திறக்கப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்து, "சோப்பு டப்பாவா இது?" என்று கேட்டார். ஆறு நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஏழாவது நிமிடத்தில் நாக்கு நிற்கவில்லை. "சார், அந்தப் பக்கம் இல்ல சார், மூடி கொஞ்சம் டைட்டா இருக்கும், எம்மேலதான் தப்பு..." மணி அடித்தது.

அதனால் இந்த வருடம் அதே பாடம் இரண்டாம் முறை. இதிலும் தவறினால் படிப்பை விட்டு வெளியேற வேண்டியதுதான், மூன்றாம் வாய்ப்பு கிடையாது. அவர்கள் வீட்டில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் அவள். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். தன் வரிசையில் இருக்கும் இருபத்து நான்கு தையல் மெஷின்காரிகளிடமும் "என் சின்னப் பொண்ணு அடுத்த வருஷம் டிசைனர்" என்று சொல்லி வைத்திருந்தாள். போன வருடம் நடந்தது அம்மாவுக்குத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். ஒன்பது வருடமாக இரண்டாவது மாடி நடைக்கூடம் அவள் ராஜ்ஜியம். "படிப்பு எனக்கு ஒத்துக்கல, எனக்கும் அதுக்கும் ஒரு சண்டையும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சாயங்காலம் வந்ததும் இடுப்பில் கையை ஊன்றி ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். அழுக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கித் தொட்டியில் கவிழ்ப்பதில் வந்த வலி அது. சின்னவள் இந்தமுறை எடுத்துக்கொண்டது அதைத்தான். சக்கர வண்டியில் வாளி, காலால் மிதித்தால் வாளி தானே சாய்ந்து ஊற்றும், தூக்கவே வேண்டாம்.

வண்டி நன்றாகவே வந்தது. சோதிக்க ஆளும் கிடைத்தாள். இன்னோர் ஆஸ்பத்திரியில் துடைக்கும் ஓர் அம்மாள் வருவதாகச் சொல்லியிருந்தாள். ரிவ்யூவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஷிஃப்ட் மாறிவிட்டது, வர முடியாது என்று போன் செய்தாள். சின்னவள் அன்று மதியமே மூன்று ஆஸ்பத்திரி வாசல்களில் நின்றாள். ஒருவரும் கிடைக்கவில்லை. பயம் வந்துவிட்டால் மனிதர்கள் ஏன் ஒரு தப்போடு நிறுத்திக்கொள்வதில்லை? அவள் இரண்டு செய்தாள். அக்காவை அந்நியர் என்று அழைத்துப் போவதென்று முடிவு செய்தாள். அது போதாதென்று, மாதிரியைப் பகுதி பகுதியாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவுக்குப் பயிற்சியும் கொடுத்தாள்.

"வலது கால் இந்த மிதிகட்டையில. இடது கை கைப்பிடியில. மெதுவா அமுக்கு. இது அட்டை, உன் பலத்தையெல்லாம் காட்டாத."

"வாளியில என்னடி இது, பேப்பரைக் கிழிச்சுப் போட்டிருக்க?"

"அதுதான் தண்ணி."

"இதுதான் தண்ணியா? அப்ப ஒரு டம்ளர் குடு, தாகமா இருக்கு."

"விளையாடாத அக்கா. அங்க என்னைத் தெரியாத மாதிரி இருக்கணும். வா போன்னு பேசக் கூடாது. நீங்க, வாங்கன்னு சொல்லணும்."

அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. "உன்னையா? மூக்கு ஒழுகிக்கிட்டு என் பின்னாடியே சுத்தினவளையா? சரிங்க. அந்தக் காலைக் கொஞ்சம் நகத்துங்க. போதுங்களா?"

பத்தடிக்குப் பத்தடி அறை. கட்டில் ஒரு பக்கம், அம்மாவின் தையல் மெஷின் ஒரு பக்கம். மிச்ச இடத்தில் வண்டியை நிறுத்தினால் அக்கா நிற்கத்தான் முடியும், நடக்க முடியாது. நின்ற இடத்திலேயே மூன்று நாள் மிதித்துப் பழகினாள். நான்காம் நாள் அவளுக்கு வார விடுமுறை. இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கல்லூரிக்கு ஒரு நிறுத்தம் முன்பே அக்கா இறங்கி நடந்து வந்தாள்.

ரிவ்யூ நடக்கும் கூடம் பெரியது. ஜன்னலோரம் நீள மேசை. நடுவில் பேராசிரியை. பக்கத்தில் வீட்டுச் சாமான் தயாரிக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்த நரைமீசைக்காரர். மூலையில் முக்காலி மேல் வீடியோ கேமரா. பின்னால் மற்ற மாணவர்கள். சின்னவள் சுவரோரம் போய் நின்றாள். அக்கா உள்ளே வந்து, யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இதை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் பேராசிரியை.

"இல்லீங்க" என்றாள் அக்கா. சொன்ன வேகம் கொஞ்சம் அதிகம்.

மணல் கடிகாரம் போல ஒரு கருவியைத் திருப்பி வைத்தார்கள். அக்கா சொல்லிக்கொடுத்தபடியே போனாள். இடது கை கைப்பிடியில். வலது கால் மிதிகட்டையில். மெதுவாக. வாளி அழகாகச் சாய்ந்தது. கிழித்த காகிதம் கீழே வைத்திருந்த தட்டில் கொட்டியது. முதன்முதலாகப் பார்க்கும் ஒருத்தி ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. நரைமீசைக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார் என்று சின்னவள் நினைத்தாள். இப்போதே சொல்லிவிட்டால் என்ன? பாதி அடியாவது மிச்சமாகுமே. ஆனால் பேசினால் மணி, பேசாவிட்டால் பொய். இரண்டுக்கும் நடுவில் நின்று தன் செருப்பின் வாரைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லாப் பண்றீங்க" என்றார் நரைமீசைக்காரர். "ஒரு உதவி. இந்தக் கூடத்தை நிஜமாவே ஒரு தடவை துடைச்சுக் காட்டுங்க. உங்க ஆஸ்பத்திரியில எப்படியோ அப்படியே."

இதற்குப் பயிற்சி இல்லை. அக்கா ஒரு கணம் கூடத்தின் நீளத்தை அளந்தாள். பிறகு சுவரில் சாத்தியிருந்த ஈரத் துடைப்பானை எடுத்தாள். எடுத்ததும் அவள் தோளே மாறிவிட்டது. எதிர்க்கோடியில் தொடங்கி, கைகளை அகல வீசி, பின்னால் நடந்தபடி துடைத்துக்கொண்டு வந்தாள். துடைக்கிறவர்கள் பின்னால்தான் நடப்பார்கள். ஈரத்தில் கால் படக் கூடாதே. பத்தடி அறையில் மூன்று நாளும் அவள் ஓர் அடிகூட நடக்காததால் இது சின்னவளுக்கு உறைக்கவில்லை. வண்டி அக்காவின் முதுகுப் பக்கம் இருந்தது. மிதிகட்டையோ வண்டியின் முன்புறம், அவளுக்கு எட்டாத மறுபக்கத்தில். அக்காவின் குதிகால் போய் வண்டியின் வெற்றுப் பக்கத்தில் இடித்தது.

திரும்பிப் பார்த்தாள். மிதிகட்டையைத் தேடினாள். இந்தப் பக்கம் இல்லை. கையை அகல வீசியதில் வண்டியின் இரு பக்கமும் ஈரமாகியிருந்தது. அதை மிதிக்க வேண்டுமானால் துடைத்த ஈரத்தில் நடந்து சுற்றிப் போக வேண்டும்.

"இது என்னங்க அநியாயம்" என்றாள் அக்கா. யாரிடமும் அல்ல, வண்டியிடம். "இப்பதான் துடைச்சேன், அதையே மிதிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போவணுமா? எங்க சூப்பர்வைசர் பாத்தா என்னையே பிழிஞ்சு வாளியில போட்ருவாரு."

பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா எட்டி, வண்டிக்கு மேலாகக் காலை நீட்டி மிதிக்கப் பார்த்தாள். நான்கு அடுக்கு அட்டை நசுங்கி மடிந்தது. வாளி குப்புறக் கவிழ்ந்து காகிதம் கூடமெங்கும் பறந்தது. சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் வரிசையில் இருபத்து நான்கு மெஷின்களும் ஒரே நேரத்தில் நிற்பது அவளுக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அக்கா மேசையிலிருந்த மார்க்கரை எடுத்திருந்தாள். வண்டியின் பின்பக்கம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள்.

"மிதிக்கிறது இங்க இருக்கணுங்க. பின்னாடியே வரும்போது குதிகாலுக்குத் தானா அகப்படும், திரும்பிப் பாக்கவே வேணாம். அப்புறம் வாளியோட இந்த மூக்கு. இவ்வளவு உசரத்துலேருந்து ஊத்தினா தெறிக்கும். தெறிச்சா நான் திரும்பத் துடைக்கணும். செஞ்சவங்க ஒரு நாளாவது துடைச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்." சின்னவள் பக்கம் பார்வை போய், சட்டென்று திரும்பியது. "இவங்களைத்தாங்க சொல்றேன். யோசனை நல்ல யோசனை. இடுப்புக்கு நல்லது."

நேரம் முடிந்தது. சின்னவள் வாய் திறக்கவில்லை.

நரைமீசைக்காரர் எழுந்து வந்து அந்தப் பெருக்கல் குறியைக் குனிந்து பார்த்தார். "முப்பது வருஷமா வாளி பண்றோம். எங்க வண்டியிலயும் முன்னாடிதான் வெச்சிருக்கோம்" என்றார். பேராசிரியை மற்ற மாணவர்களைப் பார்த்துச் சொன்னார்: "முதல் மாக்கப் எதுக்கு? இப்படி உடையறதுக்குத்தான். சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்திருந்தா, பாவம் நம்ம பொண்ணுன்னு வலிக்காம மிதிச்சிட்டுப் போயிருப்பாங்க." பிறகு சின்னவளிடம் திரும்பினார். "பாஸ். இந்த வகுப்புலயே நல்ல ரிவ்யூ உன்னோடதுதான். இவங்களை எப்படிப் பிடிச்ச? முன்னாடியே தெரியுமா?"

அக்கா தரையில் குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவரும் சொல்லவில்லை, பழக்கம். சின்னவளுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"இல்ல மேடம். ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தேன். யாருன்னு தெரியாது."

பொறுக்கிய கை நிற்கவில்லை. கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான்.

வந்தவர்களிடம் வாங்கும் படிவம் ஒன்று உண்டு. மாணவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்து, "இங்க என்னங்க எழுதணும்?" என்று சின்னவளையே கேட்டாள். குரலில் கேலி இல்லை. "இல்லைன்னு எழுதுங்க" என்றாள் சின்னவள். அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி நெடுக மிதிகட்டையைப் பற்றியே பேசினாள். மழை நாளில் வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டலாமா என்று கேட்டாள். கூடத்தில் நடந்ததைத் தொடவே இல்லை. அவள் கோபித்திருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் குறையைத் தானே முந்திக்கொண்டு சொல்லி வளர்ந்தவளுக்கு, சொல்ல வேண்டிய இந்த ஒன்று மட்டும் ஏன் வாயில் வரவில்லை? பயத்தாலா? பயம் முடிந்த பிறகும் வரவில்லையே. துடைப்பான் பிடித்த அந்தக் கையைத் தன் வீட்டுக் கை என்று சொல்லக் கூசினாளோ? அந்தக் கேள்வியை நெருங்கும்போதெல்லாம் அவள் வேறு வேலை தேடிக்கொண்டாள்.

படிப்பு முடிந்தது. அம்மாவின் வரிசையில் மிட்டாய் கொடுத்தார்கள். சின்னவளின் இறுதி அறிக்கையில் பின்பக்க மிதிகட்டையின் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது; கீழே வடிவமைப்பு என்று அவள் பெயர், யோசனை தந்தவர் என்ற இடத்தில் 'பயனர் 1'. மூன்று வருடமாக ஓர் அலுவலகத்தில் சமையலறைச் சாமான்கள் வடிவமைக்கிறாள். பேராசிரியை ஒவ்வொரு புது வகுப்புக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார், அந்நியர்களை வைத்துச் சோதிப்பதன் அருமைக்கு உதாரணமாக.

சென்ற மாதம் அவரே சின்னவளைப் பேச அழைத்திருந்தார். திரையில் அக்கா கேமராவைப் பார்த்துக் கும்பிட்டாள், மாணவர்கள் சிரித்தார்கள், வாளி கவிழ்ந்தது, இன்னும் சிரித்தார்கள். விளக்குப் போட்டதும் பேராசிரியை கேட்டார், "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க? தொடர்புல இருக்கியா?"

அன்று காலையில் சின்னவளுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்ததே அக்காதான். முன்வரிசையில் இருந்தவர்கள் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல மேடம்" என்றாள் சின்னவள். "அப்புறம் பாக்கல."

அவள் அங்கே சொல்ல வேண்டியிருந்தது இரண்டே சொல்: எங்க அக்கா. அது இன்னும் பாக்கி.