இல்லாத பத்து நிமிடம்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடும். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். எறணாகுளம் போகும் படகைத் தவறவிடக் கூடாது என்று யாரோ தொடங்கிவைத்த தந்திரம். ஆனால் விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், எல்லோரும் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு சாவகாசமாகத்தான் கிளம்புவோம். அப்படிக் கழிப்பது எனக்குக் கண் சிமிட்டுவது போலப் பழகிப்போன காரியம். ஒரே ஒரு நாள் மறந்துபோனேன்.

படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சர்வர் நிறுவும் வேலை. மூன்று சர்வர்கள் சேர்ந்து ஒன்றைப் போல இயங்க வேண்டும். வார்டில் யார் எதைப் பதிந்தாலும், மூன்றில் எது அதை வாங்குகிறதோ அது தன் நேரத்தை அதன்மேல் முத்திரையாகக் குத்தும். ஆகவே மூன்றிலும் ஒரே நேரம் ஓட வேண்டும். வெளியே இருக்கும் நேர சர்வரைக் கேட்டு அவை தாமாகவே சரிசெய்துகொள்ளும்படி அமைக்க வேண்டியவள் நான்.

இரண்டுக்கு அமைத்துவிட்டேன். மூன்றாவதற்கு நெட்வொர்க்கில் வழி திறந்துவிட வேண்டிய ஆள், நாளைக்கு வருகிறேன் என்றார். ஒரு நாள்தானே, கையால் நேரம் வைத்துச் சமாளிப்போம் என்று நினைத்தேன். செல்போனை அந்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. மற்ற சர்வரைப் பார்த்து வைக்கலாமென்றால் மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும். எனக்குச் சோம்பல். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வார்டுச் சுவரில் ஒரு கடிகாரம் தெரிந்தது. அதைப் பார்த்து அப்படியே தட்டிவிட்டேன். படகில் வீடு திரும்பும் செவிலியர்கள் அதையும் பத்து நிமிடம் முன்னால்தான் வைத்திருந்தார்கள்.

மறுநாள் மாலை வழி திறந்தது. மூன்றாவது சர்வர் தன் நேரத்தை அறுநூறு விநாடி பின்னுக்கு இழுத்துக்கொண்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அசடு என்று என்னையே திட்டிக்கொண்டு, வேலை முடிந்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வாரம் மருத்துவமனை நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். அவர் மேசைமேல் ஓர் அச்சுத் தாள். நெஞ்சுவலியோடு படுத்திருந்த ஒரு முதியவருக்கு ஊசி போடச் சொல்லி டாக்டர் பதிந்தது காலை பதினொன்று ஐந்து. போட்டுவிட்டதாகச் செவிலியர் பதிந்தது பதினொன்று பதினெட்டு. முதியவர் அன்று மதியமே இறந்துவிட்டார். தேதியைப் பார்த்தேன். நான் கையால் நேரம் வைத்ததற்கு மறுநாள். டாக்டர் பதிந்ததற்கு எதிரே முதல் சர்வரின் எண், செவிலியர் பதிந்ததற்கு எதிரே மூன்றாவதின் எண். அப்படியானால் ஊசி போட்டது உண்மையில் பதினொன்று எட்டுக்கு. மூன்றே நிமிடத்தில் போட்டிருக்கிறாள்.

அந்தச் செவிலி ஓரமாக நின்றிருந்தாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண், முப்பது வயது இருக்கும்.

“மேடம், மெஷின்ல டைம் கரெக்டாணோ?” என்று நிர்வாகி கேட்டார்.

“இப்ப கரெக்ட்தான் சார்” என்றேன்.

பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் அந்த ‘இப்ப’. வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. “உடனேதான் சார் போட்டேன்” என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். பிறகு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரமே அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு எந்த ஊரில் எந்த சர்வரைத் திறந்தாலும், திரையில் நேரம் ஓடும் மூலையில் அவள் நின்றாள். வீட்டுக் கடிகாரத்தைப் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சரியான நேரத்துக்குத் திருப்பிவைத்தேன். பழக்கதோஷத்தில் பத்தைக் கழித்துவிட்டு வீட்டில் எல்லோரும் படகைத் தவறவிட்டார்கள். எனக்கு நல்ல வசவு கிடைத்தது.

ஒரு வருடம் கழித்து, எறணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். புடவை மடித்துக்கொண்டிருந்தாள். அவளே அடையாளம் கண்டுகொண்டாள். “சேச்சி, ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வச்சது நீங்கதானே?”

அவளை ஓரமாக அழைத்துப்போய் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். சுவர்க் கடிகாரம், பத்து நிமிடம், என் பயம். நாளைக்கே மருத்துவமனைக்கு வந்து எழுதித் தருகிறேன் என்றேன். அவள் அடிக்கவில்லை, அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னைத் தேத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்ல வேண்டா சேச்சி. உடனே போட்டேன்னுதான் நானும் நெனச்சிட்டிருந்தேன். யோசிச்சு யோசிச்சுப் பாத்தப்பதான் ஓர்மை வந்துச்சு. மருந்து ட்ரேயை ஜன்னல்கிட்ட வச்சிட்டு வீட்டுக்கு ஃபோன் பண்ணிட்டிருந்தேன். மோளுக்குக் காய்ச்சல். அந்தப் பெரியவரு கட்டில்ல கெடந்து என்னையே பாத்துட்டிருந்தாரு.”

“அப்படி ஒண்ணு நடக்கவே இல்லம்மா” என்றேன்.

“நடந்தது சேச்சி. மூணு தரம் கூப்பிட்டாரு. எனக்கு இப்பவும் கேக்குது.”