லூர்து இறங்கிய ஏரி

"அக்கா போயிட்டாங்க" என்று லூர்துமேரியின் தம்பி சைக்கிளில் வந்து சொன்னபோது உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. போன மாதம் வில்லியனூர் கோயில் வாசலில், "இன்னாடி, இப்டி இளைச்சிட்ட?" என்று என்னை அதட்டியவள். பதினைந்து வருடம் ஒரே பள்ளியில் பாடம் நடத்தினோம். அவளை 'அவர்' என்று எழுத எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளை அறிந்த உங்களுக்கு அவள் பிடிவாதமும் தெரியும். எழுபதுகளில் ஒரு வருடம், எட்டாம் வகுப்புப் பெண்களை ஊசுட்டேரியில் படகில் அழைத்துப் போகிறேன் என்று கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன்காரர்கள் வந்து படகு விடுவார்கள். எங்கள் ஊர் ஆண்கள் வலை வீசுவார்கள். பெண்களோ எருமை குளிப்பாட்டுவதோடு சரி. "பொட்டப் புள்ளைங்களுக்கு படகு இன்னாத்துக்கு டீச்சர்?" என்று அந்த வகுப்பில் படித்த அஞ்சலையின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். முதலில் நான்கு பேர், கரையிலிருந்து பார்த்துப் பெற்றோர் சம்மதித்தால்தான் மற்றவர்கள் என்று பேச்சானது. வேண்டாமென்று நானும் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

அஞ்சலை உட்பட நான்கு பெண்களோடு லூர்து ஏறிய படகு கொஞ்ச தூரம் போனதுமே அஞ்சலையின் அம்மா கரையில் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். லூர்துவுக்குக் கோபம். "இடுப்பளவு தண்ணிதாங்க, பாருங்க!" என்று கத்தியபடி புடவையைச் சொருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். "சேறு டீச்சர், எறங்காதீங்க!" என்ற படகுக்காரரின் கூச்சல் தாமதமாகத்தான் வந்தது. தண்ணீர் இடுப்பளவுதான், அடியில் இருந்த சேற்றை அவள் நினைக்கவில்லை. காலை உதற உதறக் கழுத்துவரை போய்விட்டாள். ஒப்பாரி நின்றுபோயிற்று. எனக்கு உயிரே இல்லை.

அஞ்சலை படகில் குப்புறப் படுத்துத் தாவணியை வீசினாள். "ஆட்டாதீங்க டீச்சர்! அப்டியே மல்லாக்க சாய்ங்க. எரும மாட்டிக்கினா அப்டித்தான் இழுப்போம்!" படகு கவிழாமல் படகுக்காரர் மறுபக்கம் உட்கார்ந்துகொள்ள, நான்கு பெண்களும் சேர்ந்து டீச்சரை இழுத்துப் போட்டார்கள்.

கரைக்கு வந்தவள் தலையிலிருந்து கால்வரை சேறு. நான் கையைப் பிடித்தேன். "செத்துட்டேன்னு நெனச்சேன்டி" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எரும நான்தான் தெரியாம எறங்கிட்டேன். ஏரி உங்க புள்ளைங்களுக்கு நல்லா தெரியும். அடுத்து யாரு ஏர்றீங்க?" என்றாள். அஞ்சலையின் அம்மா தன் சின்ன மகளை முன்னால் தள்ளிவிட்டாள். அன்று வகுப்பு முழுவதும் ஏரியைச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு எந்த வருடமும் யாரும் தடுக்கவில்லை.

லூர்துவின் கணீரென்ற அந்தக் குரல் உங்கள் எல்லோரிடமும் இருக்கும். அன்று கரையில் "அடுத்து யாரு ஏர்றீங்க?" என்று கேட்டபோது அவள் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.