பின்னால் பிரேக் வைத்த பிக்கப்

"ஸ்டாப்!" என்றார் துரை. வண்டி நிற்கவில்லை.

இதை எழுதும்போதுகூட என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. அழுத்தி என்ன பிரயோஜனம்? அன்றைக்கு அந்த வண்டியில் என் காலுக்குக் கீழே பிரேக்கே கிடையாது. பிரேக் பின்னால் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆளும் இருந்தார். அந்த ஆள் விசிலுக்காகக் காத்திருந்தார். விசில் ஊதவேண்டுமென்றால் ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கவேண்டும். தண்ணீரோ குளிர்ந்து கிடந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் நான் புத்திசாலித்தனமாகப் புதுத் தண்ணீர் மாற்றியிருந்தேன்.

வீட்டில் வைத்து வண்டியைத் திருத்துகிற இளம் ஃபிட்டர்களுக்காக இதை முதலிலிருந்து சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வர ரொம்ப நாள் ஆயிற்று.

1. காகிதம் வந்த நாள்

மலாயாவில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன காலம் அது. முதலில் எஸ்டேட்களில் ஆள் குறைத்தார்கள். பிறகு ரயில்வேயிலும் குறைத்தார்கள். பதினாலு வருஷம் இஞ்சின் ஃபிட்டராக இருந்த எனக்கும் காகிதம் வந்தது. மூன்று மாதத்தில் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். வேறு பிழைப்பு இல்லாதவர்களுக்கு நாகப்பட்டினத்துக்கு இலவசக் கப்பல் உண்டு என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

என் மனைவி ரோசம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கத்தினாள்.

"திருப்பி அனுப்புறாங்களாம்ல, திருப்பி! நான் பொறந்தது கிள்ளான்ல. எங்கம்மாவப் பொதச்சதும் கிள்ளான்லதான். நாகப்பட்டினத்துல எனக்கு யாரு இருக்கா? நான் எங்க திரும்பிப் போறது?"

நானும் இங்கேயே பிறந்தவன், கப்பலைக் கண்டவன் இல்லை.

பதில் வைத்திருந்தவர் அவளுடைய சித்தப்பா. அவர் கிள்ளானில் மீன் மொத்த வியாபாரி. "சொந்தமா ஒரு சின்ன லோரி கொண்டா மாப்ள. தினம் காலையில கிள்ளான்லேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் பாசாருக்கு மீன் ஏத்துற வேலை உனக்குத்தான். மூணு மாசம் பார்ப்பேன். அதுக்கு மேல மீன் காத்திருக்காது லா" என்றார். லைசென்ஸ் வாங்கிய லோரி கிடைத்தால் இங்கே இருப்போம், கிடைக்காவிட்டால் கப்பல் ஏறுவோம். அவ்வளவுதான் கணக்கு.

2. ஆளுக்கொரு கை

ஒரு எஸ்டேட் துரை ஒதுக்கிவிட்ட பழைய டூரிங் கார் ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது. வந்தபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு, முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த பாகத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். அந்த இடத்தில் மரத்தொட்டி வைத்தால் லோரி. இப்போது பிக்கப் என்று அழகாகச் சொல்கிறார்கள். அப்போது எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் 'வாலறுத்த கார்' என்றார்கள்.

அந்த லைனில் எல்லாரும் ரயில்வேக்காரர்கள். எனக்குக் காகிதம் வந்தது தெரிந்து எல்லாரும் கை கொடுக்க ஓடி வந்தார்கள். தங்கமான மனுஷர்கள். ஆனால் ஒருவருக்கும் மோட்டார் தெரியாது. ரயில் மட்டும்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான்.

வேகன் ஷாப் தச்சர் குப்புசாமியிடம் மீன் கூடை வைக்க ஒரு தொட்டி கேட்டேன். அவர் இரும்பு மாதிரி கனக்கிற மரத்தில், போல்ட்டு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் வைத்து, ஒரு குட்டி வேகனையே செய்துவிட்டார். எட்டுப் பேர் தூக்கி வைத்தோம். வைத்த உடனே வண்டியின் முன்சக்கரம் இரண்டும் ஒரு முழம் மேலே எழும்பிக்கொண்டன.

"முன்னால வெயிட்டு போடு" என்றார் குப்புசாமி, அது என் தப்பு என்கிற மாதிரி.

பெசி புரோக் கடையில், அதாவது சீனரின் பழைய இரும்புக் கடையில், இரண்டு துண்டுத் தண்டவாளம் வாங்கி முன்னால் கட்டினேன். சக்கரம் இறங்கியது. இத்தனை கனத்தையும் இழுத்து ரேடியேட்டர் கொதித்தது. மோட்டார் தெரிந்தவன் பதறிப்போயிருப்பான். நாங்கள் சந்தோஷப்பட்டோம். தண்ணீர் கொதித்தால்தான் எங்களுக்கெல்லாம் மனசு ஆறும்.

"பாத்தியா, ஸ்டீம் நல்லா ஏறுது லா!" என்று குப்புசாமி என் முதுகில் தட்டினார்.

காரின் ஹார்ன் பந்தை எலி தின்றிருந்தது. சும்மா போகிற ஆவிதானே என்று ரேடியேட்டர் மூடியில் ஒரு சின்ன விசிலைப் பொருத்தினேன். கம்பியை இழுத்தால் செந்தூல் வரைக்கும் கேட்கும். அதைச் செய்த அன்று எனக்கு இருந்த கர்வத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

மிச்சம் இருந்தது பிரேக். காரின் கால் பிரேக்கால் அந்த வேகனைப் பிடிக்க முடியவில்லை. முதல் ஓட்டத்தில் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்தில், ஒரு வாழைத்தோட்டத்துக்குள் போய்த்தான் நின்றேன். அப்போது யோசனை சொன்னவர் அடுத்த வீட்டுத் தங்கவேலு. கூட்ஸ் ரயிலின் கடைசிப் பெட்டியில், பிரேக் வேனில், உட்காருகிற கார்டு. காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத்தான் போடுவார். ரூல் புஸ்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்குகிறவர்.

"என் பிரேக் வேன்ல என்ன இருக்கு ஆரோக்கியம்? ஒரு சக்கரம். சுத்துனா முப்பது வேகன் நிக்குது. ஒன்னோட ஒரு வேகன் நிக்காதா?"

நியாயமாகத்தான் பட்டது. அதே பெசி புரோக் கடையில் அந்த மாதிரிச் சக்கரம் கிடைத்தது. அதைத் தொட்டியின் பின்மூலையில் நட்டு, அடியில் கம்பி கொடுத்து, பின்சக்கரங்களுக்கு நல்ல பிரேக் கட்டை செய்தேன். இடைஞ்சலாக இருந்த கால் பிரேக் கம்பியைக் கழற்றிப் போட்டேன். தங்கவேலுவுக்கு ஒரு முக்காலி. அவர் சுற்றினால் வண்டி அடித்து வைத்த ஆணி போல் நின்றது.

இரண்டாம் ஓட்டத்தில் குறுக்கே ஒரு ஆடு ஓட, நான் "ஐயோ" என்று கத்தினேன். அவர் சுற்றிவிட்டார். தொட்டியில் நின்றுகொண்டிருந்த குப்புசாமி என் தலைக்கு மேலே பறந்து சாக்கடையில் விழுந்தார். அன்று தங்கவேலு கறாராகச் சொன்னார்:

"வாயால சொல்றது சிக்னல் இல்ல. மூணு சின்ன விசில் குடு, பிரேக் போடுறேன். ஒரு பெருசு ஒரு சின்னது குடு, எடுக்குறேன். இல்ல, செவப்புக் கொடி காட்டு. வேற எதுக்கும் நான் கை அசைக்க மாட்டேன்."

நானும் சரி என்று தலையாட்டினேன். குப்புசாமியும் நொண்டிக்கொண்டே தலையாட்டினார்.

3. இன்ஸ்பெக்‌ஷன்

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய எட்டு நாள் இருந்தபோது வண்டியைச் சோதிக்கத் தேதி கிடைத்தது. ரோசம்மா முதல் நாளே மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். பாத்திரங்களை மட்டும் இன்னும் கட்டவில்லை. "கட்டுனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்" என்றாள்.

ரயில்வேயில் பெரிய இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பாய்லரைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவோம். பதினாலு வருஷப் பழக்கம். விடிந்ததும் ரேடியேட்டரைக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, துடைத்துப் பளபளப்பாக்கினேன். சோதனை ஆபீஸ் பக்கத்தில்தான். தண்ணீர் சூடாகும் முன்னே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசல் மேட்டில் வண்டி தானாகவே நின்றது, பிரேக்குக்கு வேலையே வரவில்லை.

சோதிக்கிற துரை நெட்டையானவர், அதிகம் பேசாதவர். வண்டியை இரண்டு முறை சுற்றி வந்தார். முன்னால் இருந்த தண்டவாளத்தைப் பார்த்தார். பின்னால் முக்காலியில் விறைப்பாக உட்கார்ந்து சல்யூட் அடித்த தங்கவேலுவைப் பார்த்தார். என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவருடைய கிராணி, அதாவது குமாஸ்தா, ஒரு தமிழர், கையில் சோதனைத் தாளோடு பின்னால் தங்கவேலு பக்கத்தில் தொற்றிக்கொண்டார். தங்கவேலு பச்சைக் கொடியை ஆட்டினார். புறப்பட்டோம்.

ஆபீஸ் வாசலிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் நல்ல இறக்கம். பாதியில்தான் துரை "ஸ்டாப்!" என்றார்.

விசில் கம்பியை இழுத்தேன். சத்தமே இல்லை. திரும்ப இழுத்தேன். பூனை தும்மின மாதிரி ஒரு காற்று வந்தது.

"அண்ணே! பிரேக்கு! பிரேக்கப் போடுங்க!"

"விசில் எங்க?"

"தண்ணி சூடாவல அண்ணே! சுத்துங்க!"

"வாயால சொல்றது சிக்னல் இல்லன்னு ஒத்துக்கிட்டியா இல்லியா?"

கியரைக் குறைத்துப் பார்த்தேன். அந்த இறக்கத்தில் அந்தக் கனத்துக்கு இஞ்சின் எம்மாத்திரம்? துரையின் தொப்பி பறந்தது. அவர் ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்திருந்தார். பின்னால் கிராணி அழ ஆரம்பித்துவிட்டார்.

"சுத்துங்கய்யா, சாமி! புள்ளகுட்டிக்காரன்யா நானு!"

"நானுந்தான். ரூலுன்னா ரூலு."

முன்னால் கேட் மூடிக்கொண்டிருந்தது. கிள்ளான் ரயில் வருகிற நேரம். நான் உயிரைப் பற்றி நினைக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ரோசம்மா பாத்திரம் கட்டுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

கேட் கீப்பர் எங்களைப் பார்த்தார். சிவப்புக் கொடியை விரித்துத் தலைக்கு மேலே ஆட்டினார்.

"ஆங்! இது சிக்னல்!" என்று தங்கவேலு எழுந்து நின்று சக்கரத்தைச் சுற்றினார். இருபத்தைந்து வருஷம் சுற்றிய கை. வண்டி வழுக்கவில்லை, ஆடவில்லை. கேட்டுக்கும் வண்டியின் முன்னால் கட்டிய தண்டவாள முனைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. ரயில் எங்கள் மூக்குக்கு முன்னால் தடதடவென்று போயிற்று. அதன் கார்டுக்குத் தங்கவேலு பச்சைக் கொடி காட்டினார், அவரும் பதிலுக்குக் காட்டினார்.

துரை இறங்கினார். திரும்பி நடந்து, சக்கரம் தேய்ந்த அடையாளம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அங்கிருந்து வண்டி வரைக்கும் அடி வைத்து அளந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். கிராணி வெளுத்த முகத்தோடு மொழிபெயர்த்தார்.

"இன்னிக்குச் சோதிச்ச எந்த லோரியும் இவ்வளவு கிட்டத்துல நிக்கலையாம். பிரேக் எந்த எடத்துல இருக்கணும்னு சட்டத்துல எழுதலையாம். பாஸு. ஆனா ஒரு கண்டிஷன்."

கண்டிஷனைக் காகிதத்திலேயே எழுதினார்கள். 'பின்னால் பிரேக் ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டுமே இந்த வண்டியை ஓட்டலாம்.' அப்படியாகத் தங்கவேலு அரசாங்கத்தின் கையெழுத்தோடு என் வண்டியின் ஒரு பாகமானார். ஹார்ன் வாங்கி மாட்டச் சொல்லியும் ஒரு வரி சேர்த்தார் துரை.

ரோசம்மா காகிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். பிறகு ஓவென்று அழுதாள். அடுத்த வாரம் கிள்ளானில் சித்தப்பா வீட்டுப் பின்பக்கம் குடிபோனோம். எங்கள் மகள் அந்தக் கோழியையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

4. கழற்றாத பாகம்

தங்கவேலு லீவு போட்டுப் போட்டு, முந்தின இரவே ரயிலில் கிள்ளானுக்கு வந்து தங்கி, இரண்டு வாரம் வந்தார். அது எத்தனை நாளைக்கு நடக்கும்? நான் குப்புசாமியிடம் கெஞ்சி லேசான பலகையில் வேறு தொட்டி செய்து வாங்கினேன். தண்டவாளத்தைக் கழற்றினேன். கால் பிரேக் கம்பியைத் திரும்ப மாட்டி, கட்டைகளைச் சரிபண்ணினேன். இப்போது மிதித்தால் நிற்கிறது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், எனக்கு வேண்டியதுதான்.

இனி நீங்கள் சிரமப்படவேண்டாம், காகிதத்தை மாற்றி எழுதச் சொல்கிறேன் என்று தங்கவேலுவிடம் சொல்லப் போனேன். அவர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு வாசலில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். சட்டையும் தொப்பியும் மடித்துப் பக்கத்தில் இருந்தன, ஆபீஸில் ஒப்படைப்பதற்கு. மடியில் ஒரு காகிதம். நான் வாங்கிய அதே காகிதம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்கு வண்டி?" என்றார்.

"அஞ்சுக்கு அண்ணே."

"நான் இல்லாம ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கு இல்ல?"

"ஆமாண்ணே. சட்டம் அப்படி."

மறுநாள் முதல் ஆறு வருஷம் அவர் வந்தார். கூடை ஏற்றினார், இறக்கினார், எல்லாம் முடிந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் ஹார்னை மூன்று முறை அழுத்துவேன், காலால் மிதிப்பேன். அவர் சுற்றுவார். சித்தப்பா தந்த கூலியில் பாதி அவருக்கு. ஃபிட்டர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டியில் ஒரு பாகம் தேவையா இல்லையா என்று இஞ்சினை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு நாள் வழியில் பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கத்தில் எருமை ஒன்று திடீரென்று ரோட்டில் ஏறியது. ஹார்ன் அடிக்க நேரமில்லை, மிதித்துவிட்டேன். வண்டி சட்டென்று நின்றது. எருமை போயிற்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலும் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம் பின்னால் பிரேக் சக்கரம் மெதுவாகச் சுற்றுகிற சத்தம் கேட்டது.

"பிரேக் போட்டாச்சு ஆரோக்கியம்" என்றார்.

"சரிண்ணே" என்றேன்.