கடைசியாக என்னைக் கூப்பிட்ட ராஜகனி சிஸ்டர்

ராஜகனி சிஸ்டரைப் பற்றி நம் ஓய்வூதியர் சங்க மடலுக்கு எழுதும்படி செயலாளர் கேட்டார். குறிப்பு எடுக்காமல் எனக்கு எழுத வராது. எனவே முதலில் குறிப்பு:

1. செய்தி வந்தது.
2. அவர் இரத்த அழுத்தம் பார்த்த முறை.
3. நான் சொன்ன பொய்யும், அதற்காக அவர் என்னைக் கடைசிவரை மன்னிக்காததும்.

சென்ற செவ்வாய் காலை, வாரத்துக்கான மாத்திரைகளைக் கிழமைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். ராஜகனி சிஸ்டர் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பெட்டியின் வியாழக்கிழமை அறையில் இரண்டு நாள் மாத்திரைகள் கிடந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாதத்தின் முதல் ஞாயிறு நம் கோவில்பட்டி சங்க அறைக்கு வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பார். போனவுடன் கையை நீட்ட முடியாது. சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். இடைசெவலிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர் பருத்தி விலையைப் பற்றி ஆரம்பித்தார். "பருத்தி வெல எறங்குததச் சொன்னா உங்க பிரஷர் ஏறும் அண்ணாச்சி. அஞ்சு நிமிசம் வாயக் கட்டுங்க" என்றார் சிஸ்டர்.

பிறகு நிற்கவைத்து மறுபடியும் பார்ப்பார். எதற்கு என்று முணுமுணுத்தவர்களுக்கு ஒரே பதில்தான்: "நாள் பூரா உக்காந்தேவா இருக்கீங்க? நடக்கத்தான செய்யுதீங்க. எந்திரிங்க."

வீட்டுக் கருவியில் பார்த்த பிரஷரை எழுதும் என் நோட்டில், கூடுதலாக வந்த ஓர் அளவை நான் அடித்துவிட்டிருந்தேன். அதைப் பார்த்துப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டார். "தப்புன்னு தோணுனாலும் அடிக்கப்பிடாது சார். கீழ அடுத்தத எழுதுங்க. ரெண்டும் கெடக்கட்டும்."

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சித்திரையில், காலையில் எழும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றியது. தலை சுற்றினால் பிரஷர் கூடிவிட்டது என்பது நம் ஊர்க் கணக்கு. பள்ளியில் முப்பத்தைந்து வருடம் கணிதம் சொல்லிக்கொடுத்த நானும், அளந்து பார்க்காமலே அதை நம்பினேன். நான்கு நாள் பிரஷர் மாத்திரையை அரை கூடுதலாகப் போட்டேன். ஐந்தாம் நாள் கட்டிலிலிருந்து எழுந்தவன் அப்படியே விழுந்தேன். முழங்கை கறுத்துப்போனது.

அந்த ஞாயிறு சிஸ்டர் கேட்டபோது, கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். உட்கார்ந்து பார்த்த அளவு சரியாக இருந்தது. நின்று பார்த்தபோது வெகுவாக இறங்கியிருந்தது. அவர் முழங்கையைப் பார்த்தார். "கதவு நடந்து வந்து முட்டுச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போகும்வரை இருந்து, நடந்ததைச் சொன்னேன்.

"தலை சுத்துனா கூடிட்டுன்னு அர்த்தமா சார்? வயசானா எந்திக்கும்போது எறங்கவும் செய்யும். எறங்குனத மாத்திரையப் போட்டு இன்னும் எறக்குனா இடுப்பெலும்புதான் போகும். கூட்டுததும் கொறைக்குததும் டாக்டர் வேல. உள்ளதச் சொல்லுததுதான் உங்க வேல."

இரண்டு அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் மருத்துவர் அதைப் பார்த்து, அரை மாத்திரைக் கதையையும் கேட்டு, பிரஷருக்கு நான் சாப்பிட்டுவந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். மற்றதை எக்காரணம் கொண்டும் நானாக விடக்கூடாது என்றார். சில வாரங்களில் தலைசுற்றல் நின்றது.

ஆனால் அடுத்த மாதத்திலிருந்து சிஸ்டர் என்னைக் கடைசியாகத்தான் கூப்பிட்டார். முதல் ஆளாகப் போனாலும், "நீங்க இருங்க சார்" என்பார். பொய்க்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடமும் ஏன் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதுவரை எழுதிவிட்டு, துக்கம் விசாரிக்க எட்டயபுரம் சாலையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் அவர் மகள், "நீங்கதான் அந்தக் கடைசி சாரா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அம்மா சொல்லுவாவ. அந்த சாரு நாலு பேரு முன்னால வாயத் தொறக்க மாட்டாரு, கூட்டம் போன பொறவுதான் உள்ளது வெளிய வரும், அதான் கடைசில வச்சிருக்கேன்னு. ஞாயித்துக்கெழம சோத்துக்குப் பிந்தி வந்தா, அந்த சாருக்காக இருந்தேன்னுதான் சொல்லுவாவ."

இப்போதும் காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மெதுவாக நூறு எண்ணி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன். நோட்டில் உட்கார்ந்த அளவுக்குப் பக்கத்தில் நின்ற அளவையும் எழுதுகிறேன். அவரிடமிருந்து வந்து என்னிடம் இருப்பவை இவை.

மேலே மூன்றாவது குறிப்பின் பிற்பகுதி தவறு. அதை அடிக்கவில்லை. கீழே அடுத்ததை எழுதுகிறேன்.

3. நான் சொன்ன பொய்யும், அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் எனக்காகக் காத்திருந்ததும்.