மினுமினு சிஸ்டர்ஸும் திரைக்குப் பின்னால் நானும்

மேடையில் ஆடுகிறவளுக்குக் கைதட்டல், திரைக்குப் பின்னால் பாடுகிறவளுக்குக் கொசுக்கடி: எங்கள் தொழில் நடப்பது இப்படித்தான். அடுப்படியில் நீங்கள் வெந்துகொண்டிருக்க, பரிமாறியவருக்குப் பாராட்டு போனதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

முதலில் வந்தது உடை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் கல்யாண விருந்துகளுக்கு ஒலி, ஒளி அமைத்துக் கொடுப்பவர் மணி அண்ணன். பழைய டிஸ்கோ பாட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்ததும் அவருக்கும் ஒரு குழு ஆசை வந்துவிட்டது. முதலில் கூரையில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டை வாங்கினார். பிறகு வெள்ளி நிற ஜிகினா உடை மூன்று தைத்தார். உடைக்குப் பொருந்துகிற பெண்களைக் கடைசியில்தான் தேடினார். ஒருத்தி பல் டாக்டரின் உதவியாளர், ஒருத்தி பாலர் பள்ளி டீச்சர், மூன்றாவது ஷாலினி, கைப்பேசிக் கடையில் வேலை. மூவரும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. குழுவின் பெயர் மட்டும் ‘மினுமினு சிஸ்டர்ஸ்’.

ஆட்டம் பிரமாதம். பாட வைத்தபோதுதான் அண்ணன் தலையில் கை வைத்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடும் எனக்கு ஆள் அனுப்பினார். பாடிக் காட்டினேன். அசந்துபோனார். “அப்ப எனக்கு உடுப்பு?” என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்தே விளக்கு வெளிச்சத்தில் நின்று பாட எனக்கு அவ்வளவு ஆசை. அண்ணன் என்னைப் பார்த்தார், ஜிகினா உடையைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“ஸ்டெல்லாக்கா, உங்க குரல் இருக்கே, அதுக்கு உடம்பே தேவையில்ல லா!”

தும்மல்

கெப்பாலா பத்தாஸில் ஒரு விருந்து. புகை கக்கும் இயந்திரத்தை என் மூக்குக்கு நேராக வைத்துவிட்டார்கள். உச்சஸ்தாயியில் இழுக்கும்போது தும்மல் வந்தது. அடக்கினேன், அது அடங்கவில்லை. மண்டபமே அதிர்ந்தது. வேலை போயிற்று என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

ஷாலினியை இன்றைக்கும் கும்பிடலாம். அந்தத் தும்மலுக்கும் வாயசைத்து, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பி, இடுப்பையும் ஒரு வெட்டு வெட்டினாள். சபை விசிலடித்தது. அதைப் பார்த்துவிட்டுப் போன ஒருவர், தன் வீட்டு விசேஷத்துக்கு எங்களைப் பதிவு செய்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

“அந்தத் தும்மல் வர்ற பாட்டு கண்டிப்பா வேணும் அண்ணே.”

ஒரு ரசிகை

நிகழ்ச்சி முடிந்து ஷாலினியின் குதிகால் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டு அழுதுவிட்டதாகச் சொன்னார். நான்தான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஆனால் குட்டு வெளிப்பட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அண்ணனின் ஓயாத பயம். சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் வலித்தது.

“நீங்க அந்தப் பொண்ணோட அம்மாவா? பாட்டு அவங்க அப்பா பக்கத்துல இருந்து வந்திருக்கும், இல்ல?”

என் மகள் கல்யாணம்

என் மகள் அனிதாவின் கல்யாண விருந்து புக்கிட் மெர்தாஜாமில். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மினுமினு சிஸ்டர்ஸைப் பதிவு செய்துவிட்டாள். “அம்மா, நீங்க திரைக்குப் பின்னால போனீங்கன்னா நான் கேக் வெட்ட மாட்டேன்,” என்று மிரட்டல் வேறு. பெண்ணின் தாய் முன்மேசையில் உட்கார வேண்டும், சரி. அப்புறம் பாடுவது யார்?

அண்ணனின் யோசனைப்படி, என் பாட்டுகளை அவர் கடையில் முன்கூட்டியே பதிவு செய்தோம். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் நடுவே வாத்தியம் மட்டும் ஒலிக்கும்போது மைக்கை அணைத்துவிட்டு இரண்டு வாய் சாப்பிடுவேன். பதிவன்று அண்ணன் சாப்பாடு வாங்கி வைத்திருந்தார்; நான் மைக்கை அணைக்க மறந்தேன். அண்ணனும் அதைப் போட்டுக் கேட்கவில்லை.

விருந்தில் முதல் பாட்டு ஜோராகப் போனது. நடுவில் வாத்தியம் வந்தது. கூடவே, ஒலிபெருக்கி முழுக்க என் குரல்: “அண்ணே, மட்டன் பெரட்டல் முடிஞ்சிருச்சா? எனக்கு எலும்பில்லாம எடுத்து வைங்க லா!”

பழக்கதோஷம். ஷாலினி அதற்கும் கையை விரித்து, அழகாக வாயசைத்தாள்.

கோயில் பாடகர் குழு உட்கார்ந்திருந்த மேசை முழுக்க என் பக்கம் திரும்பியது. பிறகு மண்டபமே திரும்பியது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அனிதா சிரித்துச் சிரித்து மாப்பிள்ளை தோளில் சாய்ந்தாள். ஷாலினி பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கி வந்து மைக்கை என் கையில் கொடுத்து, மேடைக்கு இழுத்துப் போனாள். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரியில் விளக்கு என் முகத்தில் விழுந்தது. அப்புறம் நான் யாருக்கும் பயப்படவில்லை. பட்டுச் சேலையோடு ஆடக்கூட ஆடினேன். அவ்வளவு சந்தோஷம்!

இனிமேல் யார் கூப்பிடுவார்கள் என்று அண்ணன் மூலையில் இடிந்துபோய் நின்றார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து நேராக அவரிடம் போனார்.

“அண்ணே, எங்க வீட்டு விருந்துக்கு நாலு பேரும் வரணும் லா. பெரட்டல் கேட்ட அக்கா கட்டாயம் வரணும்!”

இப்போது எனக்கும் ஒரு ஜிகினா உடை தைத்தாயிற்று. அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் பாட மூச்சு வருவதில்லை என்பதால், திரைக்குப் பின்னால் நின்று பாட ஒரு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.