சோற்றுக்கு வந்த தாய்மாமன் சீர்

சோறு கெட்டுப் போகவில்லையே என்று கண்ணீர் விட்ட ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் அடுத்த வீட்டுக்காரி அம்மாக்கண்ணுதான் அவள். எண்பத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்குச் சம்பளம் கொடுத்துச் சோற்றைக் கெடுக்கச் சொன்னார்கள். அவளால் அது முடியவில்லை.

அம்மாக்கண்ணுவைத் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கை. தெரிந்தவர்களுக்கு இன்னும் பெரிய வேடிக்கை. தன் தட்டில் ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டாள், அடுத்தவர் தட்டிலும் மிஞ்ச விடமாட்டாள். மாரியம்மன் திருவிழாவில் தோட்டமே உட்கார்ந்து சாப்பிடும் அன்னதானத்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பவள் அவள்தான். அகப்பையும் கையுமாக அவள் நிற்கும்போது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகூட வரிசையில்தான் வரவேண்டும். கொழுந்து பறிப்பதில் கை வேகம், அதைவிட வாய் வேகம். மேட்டில் அவள் சிரித்தால் கீழே தொழிற்சாலைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்கும். அவள் கணவர் பழனியப்பன் தோட்டத்து லோரி ஓட்டினார். அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அந்த வீட்டில் பேச அவருக்கு எங்கே இடம் கிடைத்தது?

அம்மாக்கண்ணுவின் ஒரே தம்பி காளியண்ணன். தோட்ட வேலையை விட்டு, எங்கள் மலையிலேயே இன்னொரு ஊரான கோலா தெர்லாவில் நிலம் பிடித்து முட்டைக்கோசு போட்டிருந்தான். அந்த வருஷங்களில் கோசு போட்டவர்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தது ஒரு பச்சைப் புழு. விரல் நகத்தளவு இருக்கும், அவ்வளவுதான். இலையைச் சல்லடையாக்கிவிடும். ஒரு மருந்து அடித்தால் சாகும். அடுத்த பயிரில் அதே மருந்தில் குளித்துவிட்டுத் தெம்பாக மேயும். உடனே இரண்டு மருந்தைக் கலந்து அடிப்பார்கள், பிறகு மூன்று. அப்படிக் கலந்து அடித்த ஒரு நாள், காளியண்ணன் மனைவி திலகம் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்தபோது, இனி மருந்துப் பம்பைத் தொடமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான் காளியண்ணன். அதற்குப் பிறகும் திலகத்துக்கு அடுப்படியில் கோசு இலையைத் தொட்டாலே கை நடுங்கும். சத்தியம் செய்தாகிவிட்டது, சரி. அது புழுவுக்குத் தெரியாதே.

அந்த நேரத்தில்தான் ராதாகிருஷ்ணன் மலைக்கு வந்தார். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துக்காரர், விவசாய ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் இளைஞர். புழுவைக் கொல்லப் புழுவுக்கே சீக்கு வரவைக்கலாம் என்றார். ஒரு வகை வெள்ளைப் பூசணம் இருக்கிறதாம். புழுவின் மேல் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய் வளரும். புழு செத்த பிறகு, மாவு தூவியதுபோல மேலே வெளுத்து வரும். அதை வளர்க்க அரிசி போதும். சோற்றை அரைவேக்காடாக வடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு ஆவியில் அவித்து, ஆறியதும் போத்தலில் இருக்கும் விதைப் பூசணத்தைக் கலந்து கட்டிவைக்க வேண்டும். சோறெல்லாம் வெள்ளையாகப் பூத்ததும் தண்ணீரில் கசக்கி, வடிகட்டி, கோசின் மேல் தெளிக்க வேண்டும். மருந்து படாத ஒரு கோசுத் தோட்டத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடியவரைக்கும் அது காளியண்ணனிடம்தான் இருந்தது.

தோட்ட நிர்வாகியான எங்கள் துரை, தொழிற்சாலைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஸ்டோரைச் சோறாக்கக் கொடுத்தார். பெரிய அளவில் சோறு வடிக்க ஆள் வேண்டும் என்றதும் எல்லோர் வாயிலும் ஒரே பெயர். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாக்கண்ணு ஸ்டோருக்குப் போனாள். சாயங்காலம் பைப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“பாஞ்சாலை, சோத்த ஆக்கி, கட்டி வச்சு, கெட்டுப் போவ விடணுமாம். அதுக்குச் சம்பளம் வேற. எங்காத்தா இருந்திருந்தா என்னைய வெளக்கமாத்தாலயே அடிச்சிருக்கும் லா.”

ஆனாலும் தம்பிக்காக அந்தப் பாவத்தைச் செய்யத் துணிந்துவிட்டாள். ராதாகிருஷ்ணன் ஒரு முறை செய்து காட்டினார், போத்தல்களைக் கொடுத்தார், வேறு வேலையாக மலையிறங்கிவிட்டார். அம்மாக்கண்ணு ஸ்டோரைக் கழுவித் துடைத்து, புது அடுப்பு மூட்டி, அண்டா ஏற்றினாள். பைகள் பலகைத் தட்டுகளில் வரிசையாக ஏறின. பூசணம் ஒரு வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒரு வாரம் போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. பைகளில் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. ஒவ்வொரு பருக்கையும் கல்யாணப் பந்தியில் போட்டதுபோலப் பளிச்சென்று கிடந்தது. அம்மாக்கண்ணு இன்னொரு அண்டா வடித்தாள். அதுவும் கெடவில்லை. ஊரில் எல்லோர் வீட்டுச் சோறும் மறுநாளே ஊசிப்போகிறது, இவள் ஆக்கிய சோறு மட்டும் ஏன் கெடமாட்டேன் என்கிறது என்று லயத்துப் பெண்கள் கேலி பேசினோம். ‘கெடாத சோறு’ என்றே அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தோம். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

காரணம், கோலா தெர்லாவில் புழு காத்திருக்கவில்லை. காளியண்ணன் மோட்டார் சைக்கிளில் வருவான், பைகளைப் பார்ப்பான், திரும்பிப் போவான். கோசு உருண்டை பிடிக்கும் சமயம். வெளி இலையெல்லாம் ஓட்டையாகி, புழு உள்ளே போகத் தொடங்கியிருந்தது. இந்தப் பயிரும் போனால் நிலத்தை விட்டுவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் பம்பைத் தூக்கவேண்டும். அவன் பம்பை வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருப்பதாகத் திலகம் சொல்லியனுப்பினாள். அன்றைக்குத்தான் அம்மாக்கண்ணு பைகளின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட அதன் பிறகு யாருக்கும் வாய் வரவில்லை.

ராதாகிருஷ்ணன் திரும்பி வந்தார். ஸ்டோருக்குள் நுழைந்தவர் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“அக்கா, இது என்ன, சோறு மஞ்சளா இருக்கு?”

“மஞ்ச தான் சார். புது அடுப்புல மொத ஒல வைக்கிறோம், ஒரு கை மஞ்சத்தூள் போடாம எப்படி? ரெண்டாவது தடவ கூடவே போட்டேன். சாமிக்கு வேண்டிக்கிட்டுத்தான் போட்டேன். கெட்டு எதுவும் போயிறக் கூடாதுன்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். மீனில் தடவுவது எதற்கு, புண்ணில் வைப்பது எதற்கு என்று அவளுக்குள்ளேயே ஓடியிருக்க வேண்டும். ராதாகிருஷ்ணன் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். வேறு எதுவும் போடக்கூடாது என்று தான் சொல்லவேயில்லையே, சோறு வடிக்கச் சொன்னவனுக்கு மஞ்சள் நினைவு வரவேண்டாமா என்று தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். பிறகு காளியண்ணனைப் பார்த்து, இன்னும் ஒரு அண்டாவுக்கு மட்டும் பொறுக்கச் சொன்னார். காளியண்ணன் வெகுநேரம் யோசித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகவும், அதற்குள் ஆகவில்லை என்றால் திலகத்தை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு மருந்து அடிக்கப்போவதாகவும் சொன்னான்.

மூன்றாவது அண்டாவை அம்மாக்கண்ணு வெறும் தண்ணீரில் வடித்தாள். சாமி கும்பிட்ட கையைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பையைத் தொட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஸ்டோருக்குள்ளிருந்து ஒரு கூச்சல் கேட்டு நான் ஓடினேன். பைகள் எல்லாம் வெளேரென்று பூத்திருந்தன. பருக்கை தெரியாதபடிப் பூசணம் படர்ந்திருந்தது. அம்மாக்கண்ணு என்னைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அப்போது ரோட்டில் தங்கராஜுவின் காய்கறி லோரி கோலா தெர்லா பக்கம் போய்க்கொண்டிருந்தது. இவள் ஓடிப்போய் அதை மறித்தாள்.

“தங்கராஜு, எந்தம்பிகிட்டச் சொல்லு. பூத்திருச்சு. ஒடனே வரச்சொல்லு. பெரிய தட்டா நாலஞ்சு எடுத்துக்கிட்டு வரச்சொல்லு.”

பைகளை மூட்டையாகக் கட்டினால் நசுங்கிவிடும், தட்டில் பரப்பித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் சோற்றுக் கதை எதுவும் தெரியாத தங்கராஜு, அம்மாக்கண்ணுவுக்குப் பன்னிரண்டு வயதில் சாரதா என்று ஒரு மகள் இருப்பதை மட்டும் அறிந்தவன். அக்கா வீட்டில் பூத்திருக்கிறது, தாய்மாமன் தட்டோடு வரவேண்டும். தமிழனுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அவன் போய்ச் சொன்னதும், பம்பில் கை வைக்கப்போன காளியண்ணன் அதைக் கீழே வைத்துவிட்டானாம். கோசாவது ஒன்றாவது, என் அக்கா மகள் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று கிளம்பிவிட்டான்.

மத்தியானம் லயத்து வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. குலவைச் சத்தத்தோடு சொந்தக்காரப் பெண்கள் இறங்கினார்கள். தட்டுகளில் வாழைப்பழம், சீனி, வளையல், பட்டுப்பாவாடை, குண்டு குண்டாக மஞ்சள். மலையில் தென்னோலை கிடைக்காததால் குடிசை கட்ட மூங்கில் தழை. முன்னால் மாலையோடு காளியண்ணன், பக்கத்தில் திலகம். பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சாரதா மாமனைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், விஷயம் புரிந்ததும் வாளியைப் போட்டுவிட்டு என் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

“புள்ள எங்கக்கா?” என்றான் காளியண்ணன்.

“புள்ளையா? டேய், பூத்தது சோறு லா!”

குலவை போட்ட பெண்கள் திறந்த வாயை மூடவில்லை. காளியண்ணனின் கையில் மாலை அப்படியே தொங்கியது. தங்கராஜு மெதுவாக லோரிக்குப் பின்னால் போய் நின்றான். அப்போது பழனியப்பன் தொண்டையைச் செருமினார்.

“வந்த சீரைத் திருப்பக் கூடாது. சோத்தத் தட்டுல ஏத்துங்க.”

அவர் அந்த வருஷம் பேசியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு சிரித்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. பழமும் சீனியும் லயத்துப் பிள்ளைகளுக்குப் போயின. பட்டுப்பாவாடையைக் கதவிடுக்கு வழியாகச் சாரதாவிடம் கொடுத்தோம். அதை வாங்கிக்கொண்டாள், ஆனால் கதவைத் திறக்கவில்லை. பூசணச் சோற்றுப் பைகள் தாய்மாமன் தட்டுகளில் ஏறின. காளியண்ணன் மாலையை ஒரு பையின் மேல் வைத்தான். வழக்கப்படி திலகம் ஆரத்தி கரைக்கப் போனதும் அம்மாக்கண்ணு பாய்ந்து தடுத்தாள்.

“மஞ்சத்தண்ணி மட்டும் வேணாம் தாயீ. இவளுக்கு அது ஆவாது.”

அன்று சாயங்காலமே கசக்கி வடிகட்டிய பூசணத் தண்ணீரைக் கோசுப் பாத்தியெங்கும் தெளித்தார்கள். ஈரமும் பனியும் இருந்தால்தான் பூசணம் பிடிக்கும் என்று ராதாகிருஷ்ணன் சொன்னதால், வருஷம் முழுக்க மூடுபனியைத் திட்டுகிற நாங்கள் அந்த வாரம் பனி இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். பனியும் இறங்கியது. வெள்ளிக்கிழமை காலையில், மயங்கி விழுந்த நாளிலிருந்து பாத்திப் பக்கமே போகாத திலகம், யாரிடமும் சொல்லாமல் உள்ளே இறங்கினாள். ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் ஒரு புழு வெள்ளைப் பொடி பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த இலையிலும் ஒன்று. கை நடுங்கவில்லை என்பது பாதித் தோட்டம் பார்த்த பிறகுதான் தனக்கு உறைத்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். எல்லாப் புழுவும் சாகவில்லை. ஆனால் கோசு பிழைத்தது, பம்பு மறுபடி மூலைக்குப் போனது.

அடுத்த வருஷம் சாரதா நிஜமாகவே பெரிய மனுஷி ஆனாள். தங்கராஜுவிடம்தான் மறுபடியும் சொல்லியனுப்பினோம். அவன் லோரியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, “சோறா, புள்ளையா? தெளிவாச் சொல்லுங்க” என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போனான்.

மாமன் சீர் வந்தது. முதல் தட்டைத் திலகம் சுமந்து வந்தாள். அதில் பழமும் இல்லை, பட்டும் இல்லை. குங்குமம் வைத்த பெரிய முட்டைக்கோசு ஒன்று உட்கார்ந்திருந்தது. மேல் இலையில் இரண்டு ஓட்டை. அம்மாக்கண்ணுவின் கண் நேராக அங்கேதான் போயிற்று.

“ஏண்டி, ஓட்டக் கோசையா சீர்ல வைப்ப?”

“அந்த ஓட்டை இருக்கப் போயித்தான் அண்ணி, நான் அதக் கையால தொடுறேன்” என்றாள் திலகம்.

அம்மாக்கண்ணு தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு மகளை மணையில் உட்காரவைத்து, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரையும் மிச்சம் வைக்காமல் அவள் தலையில் ஊற்றினாள்.